முதல் கையெழுத்து

புனேக்கு அருகே நிக்டியில் நாங்கள் குடியிருந்த தரைத்தள வீட்டுக்கு இரண்டு வாசல்கள் இருந்தன. ஒன்று மாடிப்படியை நோக்கியது. அது கட்டடத்தின் வரைபடத்தில் இருந்த வாசல். மற்றொன்று சாலையை நோக்கியது; அது எந்த வரைபடத்திலும் இல்லை. அப்பா வேலை பார்த்த தொழிற்சாலை மூடப்பட்ட ஆண்டில், படுக்கையறைச் சன்னலுக்குக் கீழிருந்த சுவரை இடித்து, வெளியே இரண்டு படிகள் கட்டி அதை அவர் உண்டாக்கினார். விருப்ப ஓய்வு என்ற பெயரில் அப்போது எல்லாரையும் வெளியே அனுப்பினார்கள். விருப்பம் யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. அப்பா சுவரை இடித்து முடித்ததும் அம்மா அந்த அறையில் கடைகளில் வைப்பது போன்ற பெரிய கிரைண்டர் ஒன்றை நிறுத்தினாள். கட்டில் கூடத்துக்கு நகர்ந்தது. இட்லி மாவு வியாபாரம் தொடங்கியது.

அந்த மாவில்தான் நான் படித்தேன். அப்பா ஹிஞ்சேவாடியில் ஒரு டாக்சி ஒப்பந்தக்காரரிடம், கணினி நிறுவனங்களின் வண்டிகளை நேரத்துக்கு அனுப்பி வைக்கும் வேலைக்குப் போனார். அந்த ஊதியம் சோற்றுக்குச் சரியாக இருந்தது. பள்ளிக் கட்டணமும், பிறகு இலக்கியம் படிக்கிறேன் என்று நான் பிடிவாதம் பிடித்த கல்லூரியின் கட்டணமும் சாலையைப் பார்த்த வாசல் வழியாகத்தான் வந்தன. ஆகவே எங்கள் வீட்டில் வரைபடத்தில் இல்லாத வாசலுக்கே மதிப்பு அதிகம்.

மாலையில் ஹிஞ்சேவாடியிலிருந்து திரும்பும் கம்பெனி வண்டிகள் எங்கள் படிக்கு எதிரே வந்து நிற்கும். கழுத்தில் அடையாள அட்டையோடு சென்னைக்காரர்களும் கோயம்புத்தூர்க்காரர்களும் இறங்குவார்கள். புனேக்கு வந்து சில மாதங்களே ஆனவர்கள். எங்களைவிடப் பெரிய வீடுகளில் வாடகைக்கு இருப்பவர்கள். அவர்களுக்கும் எங்களுக்கும் மொழி ஒன்று. வேறு எதுவும் ஒன்றல்ல.

கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு பெண் மட்டும் படியில் நின்று பேசிவிட்டுப் போவாள். வண்டிக்குள் இருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். அவள் பொருட்படுத்த மாட்டாள்.

"ஆன்ட்டி, போன வாரம் மாவு பொங்கவே இல்லீங்க."

"எங்க வச்ச?"

"கிச்சன்லதானுங்க."

"புனே குளிரு, ஒங்க ஊரு மாதிரி நெனச்சிட்டியா? ஒரு துணியச் சுத்தி, அடுப்புக்குப் பக்கத்துல வையி. பச்சப்புள்ள மாதிரிப் பாத்துக்கணும்."

"கல்யாணமே ஆகல, அதுக்குள்ள புள்ள வளக்கச் சொல்றீங்க" என்று அவள் சிரிப்பாள். "உங்க மாவு மட்டும் இல்லீன்னா நான் இந்த ஊர விட்டே ஓடியிருப்பனுங்க."

அம்மா இதைப் பல நாட்கள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எங்கள் கட்டடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது தொழிற்சாலையின் தொழிலாளர்களே கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து, திட்டமிட்டு அமைக்கப்பட்ட அந்தப் பகுதியில் மனை பெற்றுக் கட்டிய கட்டடம். அரசுத் தொழிற்சாலை அது. உள்ளே ஒவ்வொருவருக்கும் ஒரு பித்தளை டோக்கன், அதில் ஓர் எண். முதலில் சேர்ந்தவருக்குச் சிறிய எண். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மீசை சரியாக முளைக்காத வயதில் வந்து சேர்ந்த அப்பாவின் எண், எங்கள் கட்டடத்திலேயே சிறியது. வருகைப் பதிவில் முதல் கையெழுத்து அவருடையது. மற்றவர்கள் அதற்குக் கீழே. தொழிற்சாலைப் பேருந்தில் சன்னலோர இருக்கை, கோடையில் தண்ணீர் லாரி வந்தால் முதல் குடம், கணபதி விழாவில் முதல் ஆரத்தி எல்லாம் அந்த எண்ணின் வரிசையில்தான். முந்துகிறவனைப் பார்த்து, "என்ன ரே, உன் டோக்கன் நம்பர் என்ன?" என்று யாராவது கேட்டால் போதும். கூட்டமே சிரிக்கும், அவன் பின்னால் போய் நிற்பான்.

இந்த ஒழுங்குக்கு எழுதப்படாத ஒரு மறுபாதி உண்டு. மூத்தவர் கேட்கக் கூடாது. மூத்தவருக்குரியது அவர் கேட்காமலே வந்து சேரும். வந்து சேரும்படி இளையவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். வீடுகளைப் பகிர்ந்த அன்று சங்கத்தின் செயலாளரே எங்கள் வீடு தேடி வந்து, "அண்ணா, உங்களுக்கு எது?" என்று கேட்டாராம். தண்ணீர் முதலில் ஏறும் என்பதற்காக அப்பா தரைத்தளத்தைச் சொன்னாராம். மராத்தியர்கள் நிறைந்த அந்தக் கட்டடத்தில் தென்னாட்டுக்காரராகிய அவரை எல்லாரும் அண்ணா என்றே அழைத்தார்கள். அந்தச் சொல்லை அவர் பெயராக எடுத்துக்கொள்ளவில்லை, பதவியாக எடுத்துக்கொண்டார்.

தொழிற்சாலை போன பிறகும் இந்த ஒழுங்கு போகவில்லை. அதுதான் எங்களைக் கெடுத்தது.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பில்டர் வந்தார். நான்கு மாடிப் பழைய கட்டடத்தை இடித்துவிட்டு உயர்ந்த கோபுரம் எழுப்புவதாகவும், பழைய உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் அதில் சற்றுப் பெரிய வீடு தருவதாகவும், மிஞ்சும் மாடிகளை ஹிஞ்சேவாடியில் வேலை செய்பவர்களுக்கு விற்பதாகவும் சொன்னார். வண்டி நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டுக் கூட்டம் நடந்தது. திரையில் ஒரு காணொளி ஓடியது. நீச்சல் குளம், புல்வெளி, நாயைப் பிடித்துக்கொண்டு நடக்கும் வெள்ளைக்காரக் குடும்பம். எல்லாருக்கும் பட்டாட்டா வடையும் தேநீரும் கொடுத்தார்கள்.

அம்மாவுக்குச் சந்தை மராத்தி வரும். ஒப்பந்த மராத்தி வராது. நான் பக்கத்தில் அமர்ந்து வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். திரையில் கோபுரத்தின் அடித்தளம் தெரிந்ததும் அம்மா என் முழங்கையைப் பற்றினாள்.

"ஏளா, ரோட்டப் பாத்து என்ன வருதுங்கான்?"

"கடைகள்."

"வீடு?"

"வீடு எல்லாம் மேலதான்மா. கீழ கடையும் பார்க்கிங்கும்."

"கட யாருக்கு?"

"சொல்லல."

"அப்பம் கேளு. நம்ம வாசலுக்குப் பதிலு ஒரு கட கெடைக்குமான்னு கேளு."

நான் கையை உயர்த்தத் தொடங்கினேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்து, யாரும் காணாதபடி, கீழே இறக்கினார்.

"உக்காரும்மா. மூத்தவன் வீட்டுலருந்து மொதக் கேள்வி வரப்படாது."

"ஏங்க, கேட்டாத்தான தெரியும்?" என்றாள் அம்மா.

"இத்தன வருசமா நீ அங்கதான் மாவு அரைக்கன்னு இந்தக் கட்டடத்துல யாருக்குத் தெரியாது? அவங்களாப் பாத்துக் குடுப்பாவ."

"யாரு குடுப்பா? ஃபேக்டரியா இருக்கு இப்ப?"

எங்களுக்கு முன்வரிசையில் அமர்ந்திருந்தவர் திரும்பிப் பார்த்தார். அவர் எங்கள் வீட்டுக்கு நேர் மேலே, முதல் மாடியில் குடியிருந்தவர், சாத்தாராப் பக்கத்துக்காரர், இயந்திரத்தில் அப்பாவின் கீழ் வேலை பழகியவர். அண்ணனின் மனைவி என்ற முறையில் அம்மாவை வஹினி என்று அழைப்பார். தமிழ் தெரியாவிட்டாலும் சண்டை என்பது அவருக்குப் புரிந்திருந்தது. "வஹினி, வடை ஆறிப்போகுது" என்றார். அம்மா தன் வடையை அப்படியே அவர் தட்டில் வைத்தாள்.

ஒப்பந்தத்தின் நகலை நான் வீட்டில் படித்தேன். அதன் பிற்பகுதியில், உறுப்பினர்களின் தனிப்பட்ட கோரிக்கைகளைக் குறிப்பதற்கென்று ஒரு பகுதி இருந்தது. அங்கே எழுதப்படாத எதற்கும் பில்டர் பொறுப்பல்ல. இதை அப்பாவிடம் விளக்கினேன். கடை என்று ஒரு சொல்லை அங்கே எழுதச் சொல்லுங்கள், அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். எனக்கு மராத்தி எவ்வளவு நன்றாக வருகிறது என்று பாராட்டினார். பிறகு சொன்னார்:

"நான் போடாம இருந்தா, எனக்குக் கீழ உள்ளவன் எப்பிடிப் போடுவான்? எல்லாரும் என்னத்தான் பாத்துக்கிட்டு நிக்கான். மூத்தவன் பேரம் பேசினாம்னா அப்புறம் ஊரு முழுக்கப் பேரம்தான்."

"பேசட்டுமே" என்றாள் அம்மா உள்ளிருந்து. கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்ததால் அவள் கத்த வேண்டியிருந்தது. "சந்தையில கத்திரிக்காக்கே பேரம் பேசுதோம்."

"நம்ம வீடு கத்திரிக்கா இல்ல."

கையெழுத்து நாளன்று அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை அணிந்துகொண்டார். மேசையின் முன்னால் எல்லாரும் விலகி வழிவிட்டார்கள். அண்ணா, அண்ணா என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். அவர் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்து, தொழிற்சாலைப் பதிவில் போட்ட அதே நீண்ட கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பேனாவை அடுத்தவருக்கு நீட்டினார். அவர் முகத்தில் அன்றிருந்த நிறைவை அதற்கு முன்பு நான் கண்டதில்லை. பில்டரின் ஆள் கைகுலுக்கினார். அவரும் அண்ணா என்றார். யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

பேனா கைமாறிக்கொண்டே போனது. மேல்வீட்டுக்காரரிடம் போனபோது, "கண்ணாடி வீட்டுல இருக்கு" என்று எழுந்துவிட்டார். கண்ணாடி அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. அடுத்த வாரம் அவருக்கு வயிற்றுவலி. அதற்கடுத்த வாரம் ஊருக்குப் போயிருந்தார். அவரைப் போல இன்னும் சிலர் இருந்தார்கள். அவர்களைத் தேடிப் பில்டரின் வண்டி பலமுறை வந்து போனது. அம்மா சாலைப்படியில் நின்று அந்த வண்டியைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"பாருங்க, போடாதவன் வீட்டுக்குத்தான் வண்டி வருது."

"வரட்டும். நாலு பேரு வந்து கெஞ்ச வேண்டிய எடத்துல நான் இல்ல" என்றார் அப்பா. அதைப் பெருமையாகவே சொன்னார்.

கடைசியில் அவர்களும் கையெழுத்துப் போட, எல்லாரும் காலி செய்தோம். கோபுரம் எழும்பும் வரைக்கும் எங்களுக்குக் கசார்வாடியில், பழைய மும்பை நெடுஞ்சாலையோரம், ஒரு லேத் பட்டறைக்கு மேலே இருந்த வீடு அமைந்தது. கிரைண்டரை அந்தக் குறுகிய படியில் ஏற்ற நான்கு பேர் வேண்டியிருந்தது. அம்மா அங்கும் அரைத்தாள். கீழே பட்டறை போடும் இரைச்சலில் அவள் இயந்திரத்தின் ஓசை கேட்கவே இல்லை. யாரும் குறை சொல்லவும் இல்லை. ஆனால் வாங்குவதற்கும் யாரும் இல்லை. கோயம்புத்தூர்ப் பெண்ணுக்குத் தொலைபேசியில் சொன்னபோது, "அய்யோ ஆன்ட்டி, எங்க கேப் அந்தப் பக்கமே வராதுங்களே" என்று உண்மையாகவே வருந்தினாள். பட்டறைத் தொழிலாளர்கள் காலையில் வடாபாவ் தின்பவர்கள். பொங்கி வழியும் மாவை அம்மா எங்களுக்கே மூன்று வேளையும் ஊற்றினாள். நான் ஓர் அரையாண்டுக் கட்டணத்தைத் தாமதமாகக் கட்டினேன். "நிக்டிக்குப் போயிட்டாச் சரியாப் போயிரும்" என்பது அந்தக் காலத்தில் எங்கள் வீட்டின் பிரார்த்தனை. "கீழ ஒரு கட" என்று அம்மா முடிப்பாள். அப்பா தலையசைப்பார்.

அந்த நாட்களில்தான் எங்கள் முதுகலை வகுப்பில், சோசலிசத்துக்குப் பிந்தைய நகரங்கள் என்றொரு பாடம் நடந்தது. கிழக்கு ஐரோப்பாவின் ஏதோ ஒரு நகரத்துக் குடியிருப்புகளின் புகைப்படங்களைப் பேராசிரியர் திரையில் காட்டினார். ஆலைகளுக்காகக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள், அவர்களுக்காக எழுந்த சாம்பல்நிறக் கட்டடங்கள், ஆலைகள் மூடிய பிறகு அலுவலக வேலைக்கு வந்து சேர்ந்த புதியவர்கள், அவர்களுக்காக இடிபடும் அதே கட்டடங்கள். "இவ்வளவு அழகற்றவை இடிபட்டதில் என்ன இழப்பு?" என்றாள் என் வகுப்புத்தோழி. எல்லாரும் சிரித்தார்கள். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கட்டடத்தின் தரைத்தளத்தில் சன்னலுக்குக் கீழே சுவரை இடித்து யாரோ ஒரு கதவு வைத்திருந்தார்கள். அதற்கு இரண்டு படிகளும் இருந்தன.

வகுப்பில் நான் எதுவும் சொல்லவில்லை. கட்டுரையில் எழுதினேன். வீட்டுக்காகப் பல ஆண்டுகள் வரிசையில் நின்ற மனிதர்களுக்கு வரிசை என்பது காத்திருக்கும் முறை மட்டுமன்று, ஓர் அறம். தன் முறை வரும் என்று நம்புகிறவன் கையை நீட்டுவதில்லை. ஆட்சி மாறும்போது அவனிடமிருந்து முதலில் பறிபோவது வீடன்று, அந்த நம்பிக்கை. ஆனால் அது பறிபோனதைக் கடைசியாக அறிபவனும் அவன்தான் என்று எழுதினேன். அந்தப் பத்தியின் ஓரத்தில் பேராசிரியர் சிவப்பு மையில், "ஆதாரம்?" என்று கேட்டிருந்தார். ஆதாரம் அப்போது கசார்வாடியில் உட்கார்ந்து, ஆறிப்போன ஊத்தப்பத்தைச் சட்னி இல்லாமல் தின்றுகொண்டிருந்தது.

வீடுகளை ஒதுக்கும் நாள் வந்தது. அதே வெள்ளைச் சட்டை. பில்டரின் அலுவலகம் குளிரூட்டப்பட்டிருந்தது. அப்பா முன்வரிசையில் போய் அமர்ந்தார். யாரும் வழிவிட்டதாகவோ நாற்காலி இழுத்ததாகவோ நினைவில்லை. தனிக் கோரிக்கைகள் உள்ள உறுப்பினர்களுக்கு ஏற்கெனவே முடிவாகிவிட்டது, மற்றவர்களுக்குக் கணினி குலுக்கல் என்று ஒரு பெண் இனிமையாக அறிவித்தாள். திரையில் எங்கள் வீட்டு எண் தெரிந்தது. பதினான்காம் மாடி, பின்பக்கம். சாலை தெரியாத பக்கம்.

அப்பா எழுந்து அந்தப் பெண்ணிடம் போனார். நானும் கூடப் போனேன். "எங்கள் வாசல் சாலையைப் பார்த்தது" என்றார் அவர். அவள் திரையில் தேடிப் பார்த்தாள். "சார், உங்கள் கோப்பில் கோரிக்கை எதுவும் இல்லை. நீங்கள்தான் முதலில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்" என்றாள். பாராட்டும் குரலில்தான் சொன்னாள்.

வெளியே வந்தால், மேல்வீட்டுக்காரர் எல்லாருக்கும் பேடா கொடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு இரண்டாம் மாடியில் வீடு. கீழே, சாலையைப் பார்த்து, ஒரு கடை. அவர்கள் மராத்தியில் பேசியதை இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"உனக்குக் கடை எப்படி?" என்றார் அப்பா.

"கேட்டேன், அண்ணா. கொடுக்காட்டி கையெழுத்து இல்லேன்னு உட்கார்ந்துட்டேன். முதல்ல முடியாதுன்னாங்க, அப்புறம் திட்டினாங்க, அப்புறம் காஜு கத்லி வாங்கிட்டு வந்தாங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

மேல்வீட்டுக்காரர் சிரித்தார். "உங்ககிட்ட நான் என்ன சொல்றது, அண்ணா? நீங்க எங்க எல்லாருக்கும் முன்னாடி போட்டீங்க. ஒண்ணும் வாங்காம எவனாவது முதல்ல போடுவானா? அண்ணாவுக்கு உள்ளுக்குள்ள கடை கொடுத்துட்டாங்க, ஒண்ணு இல்ல ரெண்டுன்னு கட்டடமே பேசிச்சு. அதைப் பார்த்துத்தான் எனக்கே தைரியம் வந்துச்சு."

மேல்வீட்டுக்காரர் அப்பாவின் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு மெல்ல நின்றது.

"அரே... ஒண்ணுமே வாங்கலையா?"

அப்பா பேடாவை வாயில் போட்டுக்கொண்டார். அதை மென்று விழுங்க அவருக்கு நெடுநேரம் பிடித்தது. அந்த நேரத்தில் அவர் எதைக் கணக்குப் பார்த்தார் என்று எனக்குத் தெரியும் என நினைக்கிறேன். கடை போனது அல்ல. அத்தனை நாளும் அண்ணா என்று அழைத்து வழிவிட்ட ஒவ்வொரு முகமும் அவரைத் திருடன் என்று நம்பியிருந்தது. நம்பி, அதில் தவறேதும் காணாமல், அண்ணா என்று அழைத்துக்கொண்டும் இருந்தது.

வீட்டில் அம்மாவிடம் நான்தான் சொன்னேன். அவள் கேட்டு முடித்துவிட்டு, "பதினாலாவது மாடியில தண்ணி மொதல்ல ஏறுமாமா?" என்றாள்.

கோபுரத்துக்குக் குடிபோனோம். பின்பக்கச் சன்னலிலிருந்து வேறு கோபுரங்களின் பின்பக்கச் சன்னல்கள் தெரிந்தன. அம்மா தளரவில்லை. வாசல் இல்லாவிட்டால் என்ன, இதே கோபுரத்தில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் இருக்கும், மின்தூக்கியில் ஏறி வரட்டும் என்றாள். சமையலறைக்கு அடுத்திருந்த பால்கனியில் கிரைண்டரை நிறுத்தி, கீழே ரப்பர் விரிப்பைப் போட்டு அரைக்கத் தொடங்கினாள்.

சில நாட்களிலேயே குடியிருப்போர் வாட்ஸ்ஆப் குழுவில் ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்தது. பெயர் இல்லை, வீட்டு எண் மட்டும். எங்களுக்கு நேர் கீழ்வீடு.

"என்ன எழுதிருக்கு?" என்றாள் அம்மா.

"பதினாலாவது மாடியில யாராவது தொழிற்சாலை நடத்துறாங்களான்னு கேக்காங்க."

அம்மா சிரித்துவிட்டாள். "ஒங்கப்பாட்ட சொல்லு. மறுபடியும் வேல கெடச்சிட்டுன்னு."

மறுநாள் அந்த வீட்டிலிருந்தே ஒரு பெண், காவலாளியைக் கூட்டிக்கொண்டு மேலே வந்தாள். காதில் ஹெட்செட் மாட்டியிருந்தது. நான் கதவைத் திறந்தேன். ஆங்கிலத்தில் தொடங்கியவள், என் பின்னால் ஈரக்கையோடு நின்ற அம்மாவைக் கண்டதும் நிறுத்திவிட்டாள்.

"ஆன்ட்டி! நீங்களா! இங்கயா இருக்கீங்க?"

கோயம்புத்தூர்ப் பெண். அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். திருமணமாகிவிட்டது, இருவரும் சேர்ந்து கடன் வாங்கி இங்கே வீடு வாங்கியிருக்கிறார்கள், உங்கள் மாவை எவ்வளவு தேடினேன் தெரியுமா என்றெல்லாம் ஒரே மூச்சில் சொன்னாள். அம்மா அவளை உட்கார வைத்துக் காப்பி கொடுத்தாள். போகும்போது ஒரு டப்பா நிறைய மாவு கொடுத்தாள். அவள் விலை கேட்டாள். அம்மா வாங்க மறுத்தாள். கதவருகில் அந்தப் பெண் தயங்கினாள்.

"ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க. நான் பாதி நாள் வீட்டுலருந்துதான் வேலை பாக்கறனுங்க. மீட்டிங்ல இருக்கறப்ப மேல கடகடங்குதுங்க. கம்ப்ளெய்ன்ட் குடுத்தப்ப அது நீங்கன்னு எனக்குத் தெரியாதுங்க."

"இப்பத் தெரிஞ்சிட்டுல்லா" என்றாள் அம்மா.

தெரிந்த பிறகும் புகார் அப்படியே இருந்தது. வீடுகளில் வணிகம் கூடாது என்ற விதியைச் சுட்டிக்காட்டிக் சங்கத்தின் நிர்வாகிகள் அந்த வாட்ஸ்ஆப் குழுவிலேயே எங்களுக்கு அறிவிப்பு அனுப்பினார்கள். அந்தப் பெண் அதன் கீழே எதுவும் எழுதவில்லை. என்ன எழுதுவாள்? அவள் கெட்டவள் அல்லள். அவளும் எங்கிருந்தோ வந்து, தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டியவள். எனக்கு இது புரிகிறது. புரிவதால் கசப்பு குறைவதில்லை என்பதையும் அப்போதுதான் கற்றுக்கொண்டேன்.

"நான் போயி அவருட்ட கடையக் கேக்கேன்" என்றாள் அம்மா. மேல்வீட்டுக்காரரைச் சொன்னாள். இப்போது அவர் எங்களுக்கு வெகு கீழே இருந்தார்.

"வேண்டாம்" என்றார் அப்பா. "என்கிட்ட வேல பழகுனவன்ட்ட போயிக் கேக்கதா?"

"நீங்க கேக்காண்டாம். நான் ஒரு ஃபேக்டரியிலயும் வேல பாக்கல. எனக்கு நம்பரு கிடையாது."

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன், மொழிபெயர்க்க வேண்டியிருக்கும் என்று. தேவைப்படவில்லை. கடையின் கண்ணாடிக் கதவில் வீடு வாங்க, விற்க, வாடகைக்கு என்று எழுதியிருந்தது. ஹிஞ்சேவாடிக்காரர்களுக்கு வீடு பார்த்துத் தரும் ஒரு தரகருக்கு அவர் அதைக் குத்தகைக்கு விட்டிருந்தார். வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்த மேல்வீட்டுக்காரர் எழுந்து நின்றார். அம்மா தன் சந்தை மராத்தியில் நேராகக் கேட்டாள். ஒரு மூலை போதும், மாலையில் மட்டும் போதும்.

"வஹினி, ஒப்பந்தம் முடிய இன்னும் வருஷக்கணக்கா இருக்கு" என்றார் அவர். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "நீங்க அன்னைக்கே கேட்டிருந்தா நான் யாருக்கும் விட்டிருக்க மாட்டேன். யாருமே கேட்கலையே."

அம்மா சற்று நேரம் அந்தக் கண்ணாடிக் கதவைப் பார்த்தாள். ஏறக்குறைய அதே இடத்தில்தான் எங்கள் இரண்டு படிகள் இருந்தன. பிறகு, "டீ குடிச்சாச்சா?" என்று அவரைக் கேட்டுவிட்டுத் திரும்பி நடந்தாள்.

கிரைண்டரை ஹிஞ்சேவாடியில் ஒரு தமிழ் மெஸ்காரர் வாங்கிக்கொண்டார். நான் வகுப்பு முடிந்த பிறகு ஒரு பயிற்சி மையத்தில் ஆங்கிலம் சொல்லித்தரச் சேர்ந்தேன். மீதிப் படிப்பு அதில்தான் ஓடுகிறது. இயந்திரத்தை எடுத்துப் போக மெஸ்காரர் அனுப்பிய ஆட்கள் ஒரு மதிய வேளையில் வந்தார்கள். பெரிய பொருட்கள் பின்பக்கச் சரக்கு மின்தூக்கியில்தான் போக வேண்டும் என்பது விதி. கல்லைத் தனியாகக் கழற்றி, கோணியில் சுற்றி, ஏற்றினார்கள். மிஞ்சிய இடத்தில் நாங்கள் மூவரும் சுவரோடு சுவராக நின்று கீழே வந்தோம். கோணியிலிருந்து உளுந்து வாடை வந்துகொண்டிருந்தது.

கீழே காவலாளி தடுத்தார். பொருள் வெளியே போவதானால் வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டுமாம். ஒரு காகிதத்தையும் பேனாவையும் நீட்டினார். அப்பா பேனாவை வாங்கினார். வாங்கியவர், என்ன நினைத்தாரோ, அதை அம்மாவிடம் நீட்டினார்.

"நீ போடு. ஒன் மெஷின்தான."

அம்மா தன் கைகளைச் சேலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். கைகள் காய்ந்துதான் இருந்தன. பேனாவை வாங்கவில்லை.

"நீங்களே போடுங்க" என்றாள். "நீங்கதான மொதல்ல போடுவிய."